பன்னிரண்டு பேர், ஒரே விலை

எண்பதுகளின் நடுவில் நான் தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். சொந்த ஊர் பொம்மிடி. தினமும் போய்வர முடியாததால் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ஓர் அறையில் மூன்று பேர். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் அக்கா எங்களில் மூத்தவர். கணக்குப் பாடம் நடத்திய டீச்சர் என்னைவிட இரண்டு வயது பெரியவர். நான் கடைசி. நர்ஸ் அக்கா என்னைக் 'கண்ணு' என்பார். டீச்சருக்கு நான் 'டைப்பு'.

அப்போது நான் வாய் திறக்காத ஆள். கண்டக்டர் மீதிச் சில்லறையைத் தர மறந்தால் கேட்காமலே இறங்கிவிடுவேன். சந்தையில் கத்தரிக்காய்க்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவேன். "உன்னையக் கடைக்கு அனுப்பினா கடைக்காரன் மாலை போடுவான்" என்று அம்மா சொல்வார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாரின் சாமான் கடை இருந்தது. சென்ட், குடை, டார்ச் லைட், டேப் ரிக்கார்டர், நைலான் சேலை எல்லாம் மெட்ராஸிலிருந்து வாங்கிவந்து விற்பார்கள். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். எல்லாரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். கெட்டுப்போன கடிகாரத்தை விற்றுவிட்டார் என்று யாரும் அவர்மேல் குறை சொன்னதில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் குடை வாங்கப் போன எங்கள் மூவரிடமும் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார்.

"பாருங்கம்மா. புதுசு. வீடியோ கேம்."

சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடித் திரை. அதில் கறுப்பாக ஒரு குட்டி மனிதன் கூடையோடு நின்றான். மேலே நாலு கிளைகளிலிருந்து பழங்கள் விழும். இரண்டு பக்கமும் இருந்த பொத்தான்களை அழுத்தி அவனை நகர்த்திப் பழத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். விட்டால் 'பீ' என்று அழும். மூன்று விட்டால் ஆட்டம் முடிந்தது. ஆடாத நேரத்தில் அது கடிகாரமாக மணி காட்டும்.

நர்ஸ் அக்கா ஆடினார், பதினொரு பழம். டீச்சர் ஆடினார்; முப்பது. என் முறை வந்தது. இரண்டு கையாலும் தட்டச்சு அடித்துப் பழகிய விரல்கள். பழம் எங்கிருந்து விழும் என்று நினைப்பதற்குள் விரல் அங்கே போய்விட்டது. நூற்று நாற்பதில்தான் மூன்றாவது பழம் தவறியது. பாய் கைதட்டினார். "இந்தக் கடையில யாரும் நூறைத் தாண்டினதில்லம்மா" என்றார். என் வாழ்க்கையில் யாரும் எனக்காகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

விலை நூற்றுப்பத்து ரூபாய். ஒருத்தியால் முடியாது. அடுத்த மாதச் சம்பளத்தில் மூவரும் சேர்ந்து ஒன்று வாங்குவதென்று வரும் வழியிலேயே முடிவு செய்தோம். அந்த மாதம் முழுக்க எங்கள் பேச்சு அதைப் பற்றித்தான். யார் எந்த நாளில் வைத்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்பதெல்லாம் வாங்குவதற்கு முன்பே சண்டையாகி சமாதானமும் ஆகிவிட்டது.

ஒன்றாம் தேதி சாயங்காலம் போனோம். நூற்று நாற்பது என்றார்.

"போன மாசம் நூத்திப்பத்துன்னீங்களே பாய்?" என்றார் டீச்சர்.

"மெட்ராஸ்ல ஏறிடுச்சும்மா. கஸ்டம்ஸ் கெடுபிடி. நான் என்னா பண்ணட்டும்?"

திரும்பினோம். அதற்கடுத்த வாரமே நூற்று அறுபத்தைந்து ஆகிவிட்டது. தீபாவளி வருகிறதாம்.

ஊரில் இதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பத்து, பன்னிரண்டு வீடுகளில் அந்தப் பொருளுக்கு ஆசைப்பட்டுக் கிடந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், "இந்தக் காசுக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்குனா ரெண்டு வருசத்துல நாலாகும். இது என்னா குட்டியா போடப் போகுது?" என்று கேட்டுவிட்டு, மறுநாளும் கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர் விலை கேட்ட அன்று முழுக்க எல்லாக் கோப்புகளையும் திருப்பி அனுப்பினார். அவர் மகன் வீட்டில் சாப்பிடாமல் கிடந்தான்.

நானும் அப்படியே ஏங்கிவிட்டு மறந்திருப்பேன். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, பூத்தொட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்க அந்தக் கடைக்குத் தனியாகப் போனேன். அங்கே ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தக்காளி விவசாயி என்பது கன்னடம் கலந்த பேச்சிலேயே தெரிந்தது.

"போன வாட்டி நூத்தி நாப்பதுன்னு சொன்னீங்களே பாய். தக்காளி வித்த காச அப்பிடியே எடுத்துகிட்டு வந்திருக்கறனுங்க."

"அது அப்பங்க. இப்ப நூத்தி அறுவத்தஞ்சு. பண்டிகை கிட்ட வந்தா இன்னும் ஏறும். இப்பவே எடுத்துக்குங்க."

அவர் இடுப்பில் முடிந்திருந்த காசை வெளியே எடுக்கவே இல்லை. அந்த முடிச்சின்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

"எம் பொண்ணு கணக்குல நூத்துக்கு நூறு வாங்குனா வாங்கித் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டனுங்க. வாங்கிட்டா. மொதல்ல நூத்திப்பத்து எடுத்துகிட்டு வந்தேன். அன்னிக்கு நூத்தி நாப்பது. வெறுங்கையோட போனேன். இன்னிக்கும் வெறுங்கைதான். ஐயோ தேவரே! பஸ் சத்தம் கேட்டாலே புள்ள வாசல்ல வந்து நிப்பாளே."

பாய் முகம் வாடியது. ஆனாலும் விலை இறங்கவில்லை. "என் கையில இல்லீங்க" என்றார். அந்த விவசாயி படியிறங்கிப் போனார்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. தட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன். பஸ் நிலைய வாசலில் பிடித்துவிட்டேன்.

"அண்ணா, கொஞ்சம் நில்லுங்க. நாங்களும் அதையே வாங்கணும்னுதான் ரெண்டு மாசமா நடக்கறோம். நீங்க அந்த வெலைக்கு வாங்கிடாதீங்க. பத்து நாள் பொறுங்க. நான் ஒரு வழி பண்றேன்."

முன்பின் தெரியாத ஒருவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாருங்கம்மா?" என்றார். எனக்கே அது சரியாகத் தெரியவில்லை. "டைப்பிஸ்ட்டுங்க" என்றேன். அவர் தன் ஊரையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னார். மாரண்டஹள்ளி பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் செய்தி வந்துவிடும் என்றார்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. முதல் நாள் பாய் பெருமையாகச் சொன்னது: "மொத்தம் பன்னெண்டு பீஸ். ரம்ஜானுக்கு முன்னாடி ஒரே பெட்டியில வந்தது." இன்றைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டும் அப்படியே இருந்தன; ஒன்றுகூட விற்கவில்லை. அப்படியென்றால் மெட்ராஸில் நேற்று ஏறிய விலைக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? அது பழைய விலைக்கு வாங்கிய சரக்கு.

அறையில் சொன்னேன். டீச்சர் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "டைப்பு! இத்தன நாளா இந்த மூளைய எங்க வெச்சிருந்த?"

"ஒவ்வொருத்தரா போய் நின்னாத்தான் ஏத்தறாரு. பன்னெண்டு பேரும் ஒண்ணா போனா?" என்றேன்.

"பன்னெண்டு பேருக்கு எங்க போறது?" என்றார் நர்ஸ் அக்கா.

"எக்ஸ்ரே அண்ணன் ஒண்ணு. எங்க ஹெட் கிளார்க் ஒண்ணு. மாரண்டஹள்ளி அண்ணன். நாம."

"நாலாச்சு" என்று டீச்சர் விரலை மடக்கினார்.

அடுத்த ஒரு வாரம் நாங்கள் மூவரும் அலைந்த அளவுக்குத் தேர்தலில் நிற்பவர்கள்கூட அலைந்திருக்க மாட்டார்கள். நர்ஸ் அக்கா ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று பேரைப் பிடித்தார். டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பேர். போட்டோ ஸ்டுடியோக்காரர் தானாகவே வந்து சேர்ந்தார். ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் ஓர் அம்மா, மசாலா சாமான் வாங்கத் தருமபுரிக்கு வருவார். இரண்டு மகன்கள் ஆற்றங்கரைக்கு ஓடாமல் கடையில் உட்கார இதைத்தான் நம்பியிருந்தார்.

"நான் மீனுக்கு எட்டணா ஏத்துனா வர்றவன் போறவன் எல்லாம் என்னையக் கேக்கறான். இவர யாரும் கேக்கக் கூடாதாக்கும்?" என்று சொல்லி, "எம் பேர மொதல்ல எழுது" என்றார்.

பதினொன்று ஆகிவிட்டது. அதற்குள் கடையில் விலையும் நூற்றுத் தொண்ணூறு ஆகியிருந்தது. பன்னிரண்டாவது ஆள்தான் கிடைக்கவில்லை. ஒரு ஆள் குறைந்தால் பாய் காத்திருந்து அவரிடம் ஏற்றி விற்பார், எங்கள் கட்டு உடையும் என்று டீச்சர் பயந்தார். அப்போது ஒரு வங்கி மேலாளர் பெயர் வந்தது. தன் மகளின் பிறந்தநாளுக்கு வாங்கப் போகிறாராம். காசுக்குக் குறைவில்லாதவர். மூன்று பேரும் அவர் அறைக்குப் போய் நின்றோம்.

"இதுக்கெல்லாம் நான் எதுக்குங்க கும்பல்ல நிக்கணும்?" என்று சிரித்தார். "எனக்கு வேணும்னா நான் வாங்கிக்கறேன். இருநூத்திப் பத்து ஒரு பெரிய காசா?"

டீச்சர் நிமிர்ந்தார். "இருநூத்திப் பத்தா? எங்களுக்கு நேத்து நூத்தித் தொண்ணூறுதானே சார் சொன்னாரு?"

மேலாளரின் சிரிப்பு நின்றது. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், மூடினார், திறந்தார். "எனக்கு மட்டும் இருபது ரூபா ஜாஸ்தியா?" என்றார். "அந்தப் பேப்பர் எங்க?"

பேப்பர் என்றது, எல்லாரும் கையெழுத்துப் போட நான் அடிக்கப் போவதாக அவரிடம் சொல்லியிருந்த பட்டியலை. அலுவலக இயந்திரத்தில் சொந்த வேலையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான் படித்த தட்டச்சு நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, தமிழ் இயந்திரத்தில் அடித்தேன். மேலே ஒரு வரி: 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் பன்னிரண்டு பேரும் தங்கள் கடையிலுள்ள வீடியோ கேம் பன்னிரண்டையும் தலா ரூபாய் நூற்றுப்பத்துக்கு ஒரே நாளில், ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறோம்.' கீழே பன்னிரண்டு பெயர்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரு அழிப்பு இல்லை. அலுவலகத்தில் நான் அடித்த எந்த உத்தரவும் அவ்வளவு அழகாக வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை வாசலில் கூடினோம். மாரண்டஹள்ளி அண்ணன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மீன்கார அம்மா மசாலாப் பையோடு வந்தார். மேலாளர் இஸ்திரி போட்ட சட்டையில் கொஞ்சம் தள்ளி நின்றார். டீச்சர் பேசுவார் என்பதுதான் ஏற்பாடு. கடைசி நிமிடத்தில் டீச்சர் பேப்பரை என் கையில் திணித்தார்.

"நீதான் ஆரம்பிச்ச. நீயே குடு."

பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன். பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வாசலை எட்டிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"என்னம்மா, சங்கம் வெச்சிட்டீங்களா?" என்று சிரித்தார்.

"ஆமாங்க பாய்" என்றேன்.

"நூத்திப்பத்துக்கு எப்பிடிம்மா கட்டுப்படியாகும்? இன்னிக்கு மெட்ராஸ்ல போய் வாங்கினா என்னா வெல தெரியுமா? சரி, இத்தன பேர் வந்துட்டீங்க. நூத்தி அம்பது. எல்லாருக்கும்."

மாரண்டஹள்ளி அண்ணனின் கை இடுப்பு முடிச்சுக்குப் போய்விட்டது. அவர் மனம் எனக்குப் புரிந்தது. மகள் வாசலில் நிற்பாள். ஆனால் அவர் அவிழ்த்துவிட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும். "இருங்கண்ணா" என்றேன். அவர் கை அப்படியே நின்றது.

"பாய், நீங்க இன்னிக்கு வாங்கினா அந்த வெலதான். ஒத்துக்கறோம். ஆனா இது இன்னிக்கு வாங்கினது இல்லீங்களே. ரம்ஜானுக்கு முன்னாடி ஒரே பெட்டியில வந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னிக்கு நூத்திப்பத்துக்கு வித்தா உங்களுக்கு லாபம் இருந்துச்சு. அதே பெட்டி. அதே பீஸ். ஒண்ணுகூட விக்கல. இப்ப மட்டும் எப்பிடிங்க நட்டம்?"

என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். பன்னிரண்டும் வரிசையாக மணி காட்டிக்கொண்டிருந்தன. மூன்றில் எண்கள் சாம்பல் நிறமாக மங்கியிருந்தன.

"அந்த மூணுலயும் பேட்டரி போயிட்டு இருக்கு பாருங்க. விக்காம வெச்சிருந்தாலும் மணி ஓடிகிட்டே இருக்கு. தீபாவளிக்குள்ள மத்ததும் மங்கிடும். மங்கின பொருள யாருங்க வாங்குவாங்க?"

"அதானே!" என்று வாசலிலிருந்து மீன்கார அம்மா குரல் கொடுத்தார். "நேத்து மீன நாளைக்கு வெல ஏத்தி விப்பாங்களா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாய்கூடச் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மங்கிய மூன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நூத்தி இருவத்தஞ்சு" என்றார்.

நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசத் தெரியாத நான்.

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இங்க பாரும்மா. நீங்க எழுதிகிட்டு வந்த வெலைக்கே குடுத்தா நாளைக்கு குடைக்கு ஒரு கூட்டம் பேப்பரோட வரும், டார்ச் லைட்டுக்கு ஒரு கூட்டம் வரும். நூத்திப் பதினஞ்சு. அந்த அஞ்சு ரூபா என் மரியாதைக்கு. மூணு பீஸுக்கும் புது பேட்டரி நானே போட்டுத் தர்றேன்."

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். நர்ஸ் அக்கா கண்ணால் 'சரி' என்றார். எக்ஸ்ரே அண்ணன் தலையாட்டினார். மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, "மரியாதைக்குக் குடுக்கலாம்" என்றார்.

"சரிங்க பாய்" என்றேன்.

வாசலில் ஒரு கூச்சல் எழுந்தது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். நடுரோட்டில், பட்டப்பகலில், ஒரு டீச்சர். பாய் ஒவ்வொன்றாக எடுத்துப் பொத்தானை அழுத்திக் காட்டி, சத்தம் வருகிறதா என்று பார்த்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். முதல் பெட்டியை மாரண்டஹள்ளி அண்ணனிடம் கொடுக்கச் சொன்னோம். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உங்கள என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியலீங்கம்மா" என்றார் என்னிடம்.

"உங்க பொண்ணு எத்தன பழம் புடிக்கறான்னு வந்து சொல்லுங்க, போதும்" என்றேன்.

அவர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் புறப்படக்கூட இல்லை. பெட்டியைத் திறந்து ஆடத் தொடங்கிவிட்டார். 'பீ' என்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பின் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து நின்று, "இடது பக்கம், இடது பக்கம்!" என்று கத்தினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் அந்த பஸ் நகர்ந்தது.

பாய் எங்கள்மேல் கோபமாக இருப்பார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் விட்டுவந்த பிளாஸ்டிக் தட்டை வாங்கப் போனபோது, டீ வரவழைத்துக் கொடுத்தார். பன்னிரண்டும் ஒரே நாளில் போனதால் தீபாவளிச் சரக்கு எடுக்கக் கையில் காசு இருந்ததென்றும், இந்த வாரம்போல வியாபாரம் நடந்ததில்லை என்றும் சொன்னார். புதிதாக வந்த எல்லாப் பொருளிலும் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. "வர்றவங்க எல்லாம் சீட்டு எங்கன்னு கேக்கறாங்கம்மா. நீங்க பண்ண வேல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் முடிக்கவில்லை. பெட்டியோடு விடுதிக்குள் நுழைந்ததும் எல்லா அறைகளிலிருந்தும் பெண்கள் ஓடிவந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து நீளமான பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். நான் ஆடினேன். இருநூற்று இருபது. கூடம் அதிர்ந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக ஆடினார்கள். இருபது, நாற்பது, ஒன்பது. ஒன்பது எடுத்தவளுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

சத்தம் கேட்டுச் சமையல்கார அக்கா அகப்பையோடு வந்தார். "என்னா இது?" என்றார். சொல்லிக்கொடுத்தோம். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் ஆட்டத்தில் நாலு பழம். "இன்னொரு வாட்டி" என்றார். இரண்டாவது ஆட்டத்தில் ஐம்பது தாண்டியது. நூறு தாண்டியது. எல்லாரும் அவர் தோளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றோம். அந்த அக்கா கண்ணை இமைக்கவே இல்லை. தோசைக் கல்லில் ஒரே நேரத்தில் ஆறு தோசை திருப்பும் கை அது. இருநூற்று இருபதை அவர் கடந்தபோது முதலில் கத்தியது நான்தான்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் ஆட்டம் முடிந்தது. அக்காவைத் தூக்கிப் பெஞ்சின்மேல் நிறுத்தினோம். அவர் அகப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, இறக்கி வுடுங்கடி, அடுப்புல சோறு!" என்று சிரித்துக்கொண்டே கத்தினார்.

சோறு குழைந்து போயிருந்தது. அன்றைக்கு எல்லாரும் ஒரு குறையும் சொல்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.